மௌனதாசனின் மூன்றாவது வரி

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகிற வீதியில் பலாபத்வலையைத் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் வாசனைத் திரவியத் தோட்டங்கள்தான். வேனில் வருகிற வெள்ளைக்காரர்களை இறக்கி, மிளகுக் கொடியைக் காட்டி, கறுவாப் பட்டையை முகரக் கொடுத்து, கடைசியில் கடைக்குள் கூட்டிப்போய் ஒரு எண்ணெய்ப் போத்தலைக் கையில் திணித்து அனுப்புகிற தோட்டங்கள். அப்படி ஒன்றில் வழிகாட்டியாக இருக்கிறார் இத்ரூஸ். வயது ஐம்பத்தாறு. அவருடைய நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்று பெற்ற உம்மாவாலும் சொல்ல முடியாது. அந்த மனிதருக்கு அல்லாஹ் கொடுத்த தொழிலைப் பாருங்கள்: தலைமுடி வளர்க்கிற எண்ணெய் விற்பது.

தொப்பிதான் இத்தனை காலமும் மானத்தைக் காப்பாற்றியது. ஒருமுறை ஒரு போலந்துக்காரப் பெண், "நீங்களும் இதைத்தான் பூசுகிறீர்களா?" என்று கேட்டாள். "ஒவ்வொரு நாளும்" என்றார் இத்ரூஸ், கண் இமைக்காமல். "அப்படியானால் தொப்பியைக் கொஞ்சம் எடுங்களேன்" என்றாள் அவள். "மன்னிக்க வேண்டும், மார்க்க விஷயம்" என்று கையை நெஞ்சில் வைத்துச் சொல்லிவிட்டார். அவள் பயபக்தியோடு இரண்டு போத்தல் வாங்கிப் போனாள். மார்க்கத்தை எண்ணெய்க் கடைக்குக் காவல் நிறுத்தியதற்கு மறுமையில் என்ன கேள்வி வருமோ என்று பயந்து, அன்றைக்கு லுஹருக்குப் பிறகு இரண்டு ரக்அத் கூடுதலாகத் தொழுதார். மறுநாள் மறுபடியும் அதே எண்ணெய், அதே தொப்பி.

சும்மா சொல்லக்கூடாது, ஆளுக்கு வாய் இருந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கதை வைத்திருந்தார், அதில் பாதி அந்த மரத்துக்கே தெரியாத கதை. கராம்பு மரத்தடியில் புருஷன் பெண்சாதி சண்டை பிடித்தால் அந்த வருடம் மரம் பூக்காது என்பார். வேனிலிருந்து இறங்கும்போதே ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த ஒரு ஜெர்மன் தம்பதி, அதைக் கேட்டுவிட்டு மரத்தடியில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கதையை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்று காலை ஒரு அகப்பைக்காக வீட்டில் மபாஸாவோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார். மரத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் இதையெல்லாம் அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை. இது வயிற்றுப்பாட்டுக்கு. உண்மையான இத்ரூஸ் வேறு. உண்மையான இத்ரூஸ் ஒரு கவிஞர். புனைபெயர் மாத்தளை மௌனதாசன். காலை எட்டிலிருந்து பின்னேரம் ஐந்து வரை நான்கு பாஷையில் ஓயாமல் பேசுகிற மனிதர் இந்தப் பெயரை எங்கே பிடித்தார் என்று கேட்காதீர்கள். தோட்டத்தில் மசாஜ் செய்கிற கணபதி, அவரை அண்ணன் முறையில் 'நானா' என்கிறவன், கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தான். "நானா, நீங்க வாய மூடுனா நம்ம தோட்டத்தயே மூடணுங்க" என்றான்.

மௌனதாசனின் கவிதைகள் இரண்டு பத்திரிகையில் வந்தன. பிறகு அந்தப் பத்திரிகைகள் நின்றுபோயின. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று இத்ரூஸ் எல்லோரிடமும் சொல்வார். யாரும் கேட்பதற்கு முன்பே சொல்வார்.

அவருக்கு இருந்த ஒரே வாசகி மனைவி மபாஸா. வாசகி என்றால், காதால் கேட்கிற வாசகி. அவள் சுபஹுத் தொழுகைக்கு, விடிவதற்கு, வெகு முன்னால் எழும்பி, வீதியோரச் சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவள். பின்னேரம் அவர் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, புதுக் கவிதையை எடுப்பார். முதல் வரிக்கு அவள் தலையை ஆட்டுவாள். இரண்டாவது வரிக்குக் கண்ணை மூடுவாள், ரசிக்கிறாளாக்கும் என்று தோன்றும். மூன்றாவது வரியில் குறட்டை. கல்யாணமான புதிதில் அவருக்குக் கோபம் வந்தது. மகள் நிஹ்லா பிறந்த பிறகு, குழந்தையும் கவிதைக்குத் தூங்குகிறது என்று கண்டுபிடித்து, அதற்கும் பயன்படுத்தினார்கள். இப்போது நிஹ்லா கல்யாணம் கட்டி அக்குறணையில் இருக்கிறாள். மபாஸா மட்டும் மூன்றாவது வரியைத் தாண்டவேயில்லை.

உலகம் அவரைக் கவிஞர் என்று சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அல்லது பரவாயில்லை என்று அவர் சொல்லிக்கொண்டார். இவள் ஒருத்தி ஒரே ஒரு கவிதையைக் கடைசி வரைக்கும் முழித்திருந்து கேட்டால் போதும், அதற்குப் பிறகு பேனையை மூடி வைத்துவிடலாம் என்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் அழைப்பு வந்தது. மாத்தளை டவுனில் ஒரு கலை இலக்கிய வட்டம். ஆண்டு விழாவில் கவியரங்கம். தலைமை, ஓய்வுபெற்ற அதிபர் அஸ்ஹர் சேர். வருவதாக இருந்த கவிஞர் ஒருவருக்குச் சிறுநீரகக் கல். அவருடைய இடத்துக்கு இத்ரூஸ். இரண்டாவது ஆளாகத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் மானமுள்ளவன் யோசிப்பான். இத்ரூஸ் யோசிக்கவில்லை, அந்தக் கல்லுக்காக மனதுக்குள் நன்றி சொன்னார். சொன்ன பிறகு வெட்கப்பட்டு, அந்தக் கவிஞருக்காக துஆவும் கேட்டார்.

எல்லாக் கவிஞர்களுக்கும் ஒரே தலைப்பு: நிறைவு.

அன்றோடு போனது அந்த வீட்டின் நிறைவு. எழுத உட்கார்ந்தால் பூனை கத்துகிறது. பூனையை விரட்டினால் பக்கத்து வீட்டில் தேங்காய் உரிக்கிறார்கள். அது நின்றால் மபாஸா இடியப்பத் தட்டுகளைக் கழுவுகிறாள். "ஒரு மனுசன் நிறைவப் பத்தி எழுதறான், இந்த வீட்டுல நிம்மதி இருக்கா?" என்று கத்தினார்.

"நீங்க எழுதத் தொடங்கற வரைக்கும் இருந்திச்சு" என்றாள் மபாஸா. தட்டைக் கழுவுவதை அவள் நிறுத்தவில்லை.

அவர் சொன்னது அவருக்கே கேட்டது. வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்துவிட்டு வந்தார். ஆனால் சிரிப்பு தணிந்ததும் மறுபடியும் பூனை மேல்தான் கோபம் வந்தது.

சரக்கு வராததால் ஊராரிடம் கேட்டுப் பார்த்தார். கவிதைக்கு ஆராய்ச்சி. "கணபதி, நிறைவுன்னா என்ன?"

கணபதி கையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே யோசித்தான். "நல்ல சதப்புடிப்பான முதுகு ஒண்ணு கெடச்சா போதுங்க நானா. இப்ப வாறவங்கள்லாம் எலும்பும் தோலுமா வாறாங்க. புடிக்க ஒண்ணும் இல்ல."

இதைக் கவிதையில் வைக்க முடியுமா? முதலாளி நளீம் ஹாஜியாரிடம் கேட்டார். "மூணு பஸ் ஒரே நேரத்துல உள்ள வந்து நிக்கோணும். அதான் நிறைவு. அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர். வீட்டுக்கு வந்து மபாஸாவிடம் கேட்டார். "சுபஹ் தொழுதுட்டுத் திரும்பப் படுத்து, மூஞ்சில வெயில் அடிக்கிற வரைக்கும் தூங்கோணும்" என்றாள் அவள். சொல்லும்போதே கொட்டாவி வந்தது.

முதுகு, பஸ், தூக்கம். என்ன ஜனங்கள் இவர்கள் என்று இத்ரூஸ் தலையில் அடித்துக்கொண்டார். நிறைவு என்பது எப்பேர்ப்பட்ட விஷயம்! அதில் பிரபஞ்சம் வரவேண்டாமா? கடைசியில் பிரபஞ்சத்தைத்தான் பிடித்து இழுத்து வந்தார்.

பிரபஞ்சத்தின் முதுகுத்தண்டில்
ஊர்ந்து ஏறும் மௌனமே

இந்த இரண்டு வரி வந்த அன்று சந்தோஷத்தில் இரவுச் சாப்பாட்டையே மறந்துவிட்டார். மூன்றாவது வரியை எழுத ஒரு கிழமை, ஏழு நாளும், போனது. வேலையும் சீரழிந்தது. சாதிக்காய் மரத்தடியில் நின்றுகொண்டு மிளகைப் பற்றிப் பேசினார். ஒரு பிரெஞ்சுக் குடும்பம் கராம்பு மரத்தடியில் ஒரு கதையும் கேட்காமலே கடந்து போனது. தலைமுடி எண்ணெயை எடுத்துக் காட்டி, "இது மூட்டு வலிக்கு" என்று சொல்லிவிட்டார். நளீம் ஹாஜியார் கூப்பிட்டார்.

"இத்ரூஸ், சுகமில்லையா?"

"கவிதை, ஹாஜியார்."

"எத்தன நாளைக்கு இருக்கும்?" என்று காய்ச்சலைக் கேட்கிற மாதிரிக் கேட்டார் ஹாஜியார்.

கவியரங்கத்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. இத்ரூஸ் மபாஸாவின் முன்னால் வந்து நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட், புதுச் சாரம், புதுத் தொப்பி. "நீயும் வரணும்" என்றார்.

"நானா? அங்க வந்து நான் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேணாம். முழிச்சிட்டு இருந்தா போதும். இந்த ஒரு கவிதைய, முடியிற வரைக்கும் கேளு புள்ள. இனிமே ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவர் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவள் பகிடி செய்யவில்லை. "அல்லாஹ் மேல ஆணையா முழிச்சிருக்கேன்" என்று சொல்லி, அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு பிடி கராம்பை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். தூக்கம் வந்தால் கடிப்பதற்கு. இத்ரூஸுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. என் கவிதைக்காக ஒரு ஜீவன் கராம்பு கடிக்கப் போகிறது! எந்தக் கவிஞனுக்குக் கிடைக்கும்?

மண்டபத்தில் மின்விசிறி ஓடியது, கதிரைகள் வசதியாக இருந்தன. இரண்டுமே மபாஸாவுக்கு ஆகாது என்று இத்ரூஸுக்குப் போன உடனேயே பயம் பிடித்தது. பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையிலேயே அவளை உட்கார வைத்தார். முதல் கவிஞர் நிறைவு என்பது கடல் என்றார். அடுத்தவர் வானம் என்றார். மூன்றாமவர் கடலும் வானமும் என்றார். மபாஸா விறைப்பாக உட்கார்ந்து கராம்பை மென்றுகொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. பக்கத்தில் இருந்த பெண் அவள் கவிதைக்கு அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அடுத்து, மாத்தளை மௌனதாசன்" என்றார் அஸ்ஹர் சேர்.

இத்ரூஸ் கடதாசியை மேசையில் விரித்தார். நாற்பது பேர் கொண்ட பஸ்ஸை ஒற்றை ஆளாகச் சமாளிக்கிற மனிதர், விரித்த கடதாசியை இரண்டு தரம் நேராக்கி வைத்தார். முதல் வரியைப் படித்தார். மபாஸா தலையை ஆட்டினாள். இரண்டாவது வரியைப் படித்தார். அவள் அவசரமாக இன்னொரு கராம்பை வாயில் போட்டாள். மூன்றாவது வரியைத் தொடங்கினார். அவள் தலை மெதுவாகச் சாய்ந்து பக்கத்துப் பெண்ணின் தோளில் போய் உட்கார்ந்தது. மடியிலிருந்த கராம்பெல்லாம் தரையில் உருண்டன.

இத்ரூஸ் நிறுத்திவிட்டார்.

மண்டபம் காத்திருந்தது. அஸ்ஹர் சேர் மெதுவாக, "தொடருங்கள், கவிஞரே" என்றார். கடதாசியைப் பார்த்தார் இத்ரூஸ். முதுகுத்தண்டு, மௌனம், இன்னும் என்னென்னவோ. அவருக்கே கொட்டாவி வந்தது. சத்தியமாக வந்தது. அவர் எழுதிய கவிதைக்கு அவரே கொட்டாவி விட்டார், ஒலிவாங்கிக்கு முன்னால். பாவம், அவள் மேல் என்ன குற்றம்?

எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பது? வாய் பழக்கப்பட்ட வாய். அது தன்பாட்டுக்குத் திறந்தது. "சரி, எல்லாரும் இப்பிடி வாங்க. நிழலுக்குள்ள வாங்க. வேருல கால் தடுக்காம வாங்க" என்றது.

மண்டபத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இத்ரூஸுக்கு அதற்குப் பிறகு நிற்கத் தெரியவில்லை. தோட்டத்தில் மரத்தைக் காட்டுகிற மாதிரியே ஆளில்லாத பக்கம் கையைக் காட்டினார்.

"இடது பக்கம் இருக்கிறது கணபதி. மசாஜ் போடுற ஆள். இவருக்கு நிறைவுங்கிறது ஒரு நல்ல கொழுத்த முதுகு. மெலிஞ்சவங்க தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க, மனுசன் கவலப்படுவாரு. வலது பக்கம் எங்க முதலாளி. மூணு பஸ் ஒண்ணா வந்தா பூப்பாரு, ஒரு பஸ் வந்தா வாடிடுவாரு. அந்தா, முன்னால, தோள்ல சாஞ்சிட்டு இருக்கிறது என் மனைவி. மெதுவாப் பேசுங்க. இவங்களுக்கு நிறைவுங்கிறது தூக்கம். அந்தத் தூக்கத்தக் குடுக்கிறதுக்கு உலகத்துலயே ஒரே மருந்துதான் இருக்கு, என் கவித. போத்தல்ல அடைச்சு வித்திருந்தா இன்னேரம் நான் ஹாஜியார விடப் பெரிய பணக்காரன்."

சிரிப்பு கிளம்பியது. கடலும் வானமும் கேட்டுக் களைத்திருந்த ஜனம். இத்ரூஸ் மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார், தோட்டத்தில் வருகிற மாதிரியே.

"கடைசியா, இது நான். நிறைவப் பத்தி எழுதப் போயி பூனைக்குக் கூட ஏசினவன். இருவது வருசமா முடி வளர்ற எண்ணெய் விக்கிறேன். நானும் பூசறேன், பொய் இல்ல. பலன இப்பக் காட்டுறேன்." தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்து காட்டினார். தலை வெளிச்சத்தில் பளீரென்றது.

மண்டபம் குலுங்கியது. அஸ்ஹர் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பின்வரிசையில் ஒருவர் கதிரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்தச் சத்தத்தில்தான் மபாஸா விழித்தாள்.

அவள் கண்டது இதுதான்: மேடையில் தன் புருஷன் தொப்பியில்லாமல், தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. அவளுக்கு வேறு எதுவும் யோசிக்க வரவில்லை. எழும்பினாள்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?"

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. அவள் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள். முகம் சிவந்திருந்தது. "மனுசன் சோறு தண்ணி ஒழுங்கா இல்லாம இருந்து எழுதினது. எவ்வளவு கஷ்டப்பட்டாருன்னு நான் பாத்தேன். 'பிரபஞ்சத்தின் முதுகுத்தண்டில் ஊர்ந்து ஏறும் மௌனமே.' இதுல சிரிக்க என்ன இருக்கு? சொல்லுங்க. 'நிலவே நீ ஏன் நெற்றி சுருக்குகிறாய், என் யன்னல் கம்பிகளை எண்ணியபடி.' இதுக்கும் சிரிப்பீங்களா? அது நிஹ்லா பொறந்த வருசம் எழுதினது. 'கண்ணீரின் தாழ்ப்பாள்களே, கதவு திறவுங்கள்.' அது அவர்ட வாப்பா மவுத்தாகி அடக்கம் பண்ணின கிழமை. எல்லாம் எனக்கு மனப்பாடம்."

சிரித்தவர்கள் நேராக உட்கார்ந்தார்கள். இத்ரூஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் நிலவைப் பற்றி எழுதியதையே மறந்திருந்தார். கண்ணீரின் தாழ்ப்பாளும் ஞாபகத்தில் இல்லை. இவள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாளே! அழுகை வந்தது, அடக்கவும் தெரியவில்லை. தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அஸ்ஹர் சேர் எழும்பி நின்று மரியாதையாகக் கேட்டார். "தங்கச்சி, இந்த நிலவுக் கவிதை நல்லா இருக்கு. மேல சொல்லுங்க."

மபாஸா வாயைத் திறந்தாள். மூடினாள். "அதுக்கு மேல எனக்குத் தெரியாது சேர்" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். "அதுக்கு மேல எனக்கு நித்திரை வந்துரும்."

அப்போது வந்த சிரிப்பு, முன்னால் வந்ததையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. மபாஸாவும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் பொன்னாடை போர்த்தும்போது அஸ்ஹர் சேர் இத்ரூஸின் காதில், "அடுத்த வருஷமும் வாங்க. ஆனா கடதாசி இல்லாம வாங்க" என்றார். அது பாராட்டா ஏச்சா என்று இத்ரூஸால் பிரிக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. பொன்னாடையை மபாஸா மடித்து மடியில் வைத்திருந்தாள். என்ன நடந்தது, ஏன் தொப்பியைக் கழற்றினார் என்று அவர் சொல்லச் சொல்ல, "ஐயோ, நான்தான் கெடுத்துட்டேனா?" என்று வெட்கப்பட்டாள். "கெடுக்கல்ல" என்றார் இத்ரூஸ். நிறைவைப் பற்றி என்ன எழுதியிருக்க வேண்டும் என்று அவருக்கு இப்போதுதான் கொஞ்சம் விளங்குகிற மாதிரி இருந்தது. கவியரங்கம் முடிந்துவிட்டது, இனி விளங்கி என்ன செய்ய?

அவள் பொன்னாடையின் ஓரத்தை நீவிவிட்டாள். பிறகு திரும்பினாள். "நிஹ்லாட வாப்பா."

"என்ன?"

"அந்த முதுகுத்தண்டு ஏறுதே, மௌனம். அது ஏறிப் போய் பிறகு என்ன ஆகுது? மூணாவது வரி என்ன?"

இத்தனை வருடத்தில் அவள் இதைக் கேட்டதில்லை. கண் அகலத் திறந்திருந்தது. ஒரு துளி தூக்கம் இல்லை. இதற்காகத்தானே மனிதர் காத்திருந்தார்! இத்ரூஸ் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை. சேட் பையைத் தடவினார். கடதாசி மேடை மேசையிலேயே கிடந்துவிட்டது. கண்ணை மூடி யோசித்தார். முதல் வரி வந்தது, இரண்டாவது வரி வந்தது. அதற்கு மேல் முதுகு, பஸ், தூக்கம் என்றுதான் வந்தது.

"மறந்து போச்சு, புள்ள" என்றார்.

மபாஸா அவரையே பார்த்தாள். "எழுதின உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாது."

"யா அல்லாஹ்! அப்ப இத்தன வருசமா நான் தூங்கினதுல எனக்கு ஒரு நட்டமும் இல்ல!"

சொல்லிவிட்டு அவள் சிரிக்கத் தொடங்கினாள். இத்ரூஸும் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் இறங்க வேண்டிய பலாபத்வலை சந்தி தாண்டிப் போய்விட்டது. கொண்டக்டர் ஏசிக்கொண்டே அடுத்த பஸ் ஹோல்டில் இறக்கிவிட்டான். அங்கேயிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தார்கள்.